ஓடைக்கு மேலே காவல்

கிண்ணத்தில் தேநீரை ஊற்றி வைத்துவிட்டு, பைந்தா கான் சுவர்த்துளை வழியாக ஓடையைப் பார்த்தான். திரும்பியபோது கிண்ணம் காலி. அடியில் சர்க்கரை மட்டும் நனைந்து கிடந்தது. அண்ணன் சர்மஸ்த் குடித்தால் அப்படித்தான் மிச்சம் வைப்பான்.

மலை மேலிருந்த அந்தக் கல் காவலரணில் பைந்தாவைத் தவிர யாரும் இல்லை. ஆட்டுத்தோலும் ஈரக்கல்லும் வெடிமருந்தும் கலந்த வாடைக்குள், யாரோ மெல்ல மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. காற்று என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தான். வெளியே மாலை வெயிலில் ஒரு புல்கூட அசையவில்லை.

வஜீரிஸ்தான் எல்லைச் சாலையில் கசாதார் எனப்படும் உள்ளூர்க் காவல் வேலை. துப்பாக்கி அவரவருடையது, சம்பளம் வெள்ளைக்காரனுடையது. ஒருவன் செத்தால் வேலை தம்பிக்கு. சாலையைத் துண்டித்த கலகக்காரர்களுக்கு இடம் கொடுத்தது என்று சொல்லி, வெள்ளைக்காரர்கள் ஊருக்கு ஓடைத் தண்ணீரைத் தடை செய்திருந்தார்கள். தண்ணீர் எடுக்க வந்தவர்களைச் சுட மறுத்த சர்மஸ்தையும் இன்னும் இருவரையும் போன மாதம் இதே சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மூன்று துப்பாக்கிகளையும் ஊர் பார்க்க உடைத்து உருக்கினார்கள். சர்மஸ்தின் துப்பாக்கிக் குழாயில் அவன் மனைவி பக்மீனா சுற்றிய சிவப்பு நூல் அப்படியே எரிந்தது.

"டேய் பைந்தா!" கீழே சாலையில் சிப்பாய்களோடு நின்ற ஜமேதார் கத்தினார். "ஓடைக்கு ஆள் வருது பாரு. சுடு!"

பக்மீனா. தலையில் குடம்.

"அது எங்க அண்ணிங்க!"

"அண்ணின்னா குண்டு இறங்காதா? இல்ல, உங்கண்ணன் பக்கத்துலயே உனக்கும் பாய் விரிக்கணுமா?"

சிப்பாய்கள் சிரித்தார்கள்.

பைந்தா துப்பாக்கியை நீட்டினான். குழாய் மேல் ஏதோ படிந்தது. கனம். குளிர். ஒரு கை.

காதருகே அந்த மூச்சு.

திரும்ப முடியவில்லை.

"தெரியும்ணே," என்று முணுமுணுத்தான். "நானும் சுட மாட்டேன்."

கை விலகியது.

துப்பாக்கியைத் தரையில் போட்டான். வெளியே வந்து, கைப்பட்டையைப் பிய்த்துக் கீழே எறிந்தான்.

"உங்க வேலைய நீங்களே வெச்சுக்கங்க! சுடணும்னா என்னைச் சுடுங்க!"

சிப்பாய்கள் குறி வைத்தார்கள். அப்படியே உறைந்தார்கள். ஜமேதார் ஓரடி பின்வாங்கினார். அவர்கள் பார்த்தது அவனை அல்ல.

ஓடையில் குடம் நிரம்பும் ஓசை.

பைந்தா மெல்லத் திரும்பினான்.

ஆளில்லாத காவலரண். சுவரில் மூன்று துளைகள். மூன்றிலும் துப்பாக்கி முனைகள், சாலையைப் பார்த்து. நடுவிலிருந்ததில் சிவப்பு நூல். இன்னும் புகைந்துகொண்டிருந்தது.