இரண்டாம் பக்கத்துச் சிரிப்பு

“குடையை வெளியவே உதறக் கூடாதா? ரெக்கார்டெல்லாம் நனையுது!”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மழைக்கு ஒதுங்கியவளை வரவேற்கிற லட்சணமா இது! கையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி... பழைய ரெக்கார்டு விற்று, பழுதான பிளேயர்களுக்கு ஊசி மாற்றித் தரும் கடைக்காரன். அந்தத் தெருவில் அவனுக்கு ‘ஊசி’ என்றுதான் பெயர். தொழிலுக்காக வைத்தது, வாய்க்கும் பொருந்திவிட்டது.

“வர்றவங்களை இப்படித்தான் கடிப்பீங்களா? எங்க கிளினிக் பக்கம் வாங்க, பல்லைக் கொஞ்சம் மழுக்கிவிடச் சொல்றேன்.”

பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துவிட்டு, பேச ஆளில்லாத வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறப்பவள்.

அவன் பதில் தேடுவதற்குள் அவள் பார்வை சுவரில் நின்றுவிட்டது. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சின்ன ரெக்கார்டு உறை... ‘ஈரத் தீக்குச்சிகள்’.

அண்ணா...!

கிடாரும் டிரம்ஸுமாக ஊரைத் தூங்கவிடாத ராக் குழு அது. நாலு பேர். போட்டது ஒரே ஒரு ரெக்கார்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. சொந்த ஊரே சீந்தவில்லை. மிச்சமிருந்ததையெல்லாம் அப்பா கோபத்தில் குப்பையில் போட்டார். பாடிய அண்ணன் போன வருஷம் செத்துப்போனான். அவன் பாட்டு இனி எங்கேயும் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

“அது... என்ன விலை?”

“விக்கிறதுக்கு இல்ல.”

“தயவுசெஞ்சு...”

“மேடம், அதைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வர்றாங்க. ஒருத்தர் டிரம்மரோட மச்சான்னார். இன்னொருத்தர் சித்தப்பா பையன்னார். நீங்க யாரு?”

“பாடினவனோட தங்கச்சி.”

“ஆங்... தங்கச்சி மட்டும்தான் பாக்கி!”

சுருக்கென்றது. கெஞ்சுவதா? இவனிடமா? குடையை விரித்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“அந்த உறையை ஒட்டினதே நான்தான். அண்ணன் பிரஸ்ல வேலை பாத்தான். வீணாப்போன செருப்புக்கடை போஸ்டரைக் கொண்டுவந்து, வெள்ளைப் பக்கம் வெளிய வர்ற மாதிரி மடிச்சோம். உள்ள பாருங்க, பாதிச் செருப்பு இருக்கும்... வர்றேன்.”

போய்விட்டாள்.

சட்டத்தைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். சிவப்பாக, குதிகால் உயர்ந்த பாதிச் செருப்பு! இத்தனை வருஷம் ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டு, ஒருநாளாவது உள்ளே எட்டிப் பார்த்தானா? மடையன்! மழையில் ஓடினான்.

“ஏங்க! நில்லுங்க... செருப்பு இருக்கு!”

தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு இப்படிக் கத்தினால் ஊர் என்ன நினைக்கும்? அவளுக்கே உதடு துடித்தது. ஆனாலும் சிரிக்கவில்லை.

அவளைக் கடைக்குள் கூட்டிவந்தான். சட்டத்தில் மாட்டியிருந்தது வெறும் உறைதான்; ரெக்கார்டு, பிளேயர் மேலேயே இருந்தது. இரண்டாம் பக்கத்தைப் போட்டான். கரகரவென்று ஒரு கிடார்... பிறகு அண்ணன். தொண்டை கிழியப் பாடும் அண்ணன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாட்டு முடிந்த நொடியில், ரெக்கார்டுக்குள்ளிருந்து அடக்க முடியாமல் ஒரு பெண் சிரித்தாள்.

ஊசி அவளையே பார்த்தான். “இது... நீங்களா?”

“டிரம்மர் கையிலேருந்து குச்சி பறந்துடுச்சு. சிரிச்சுட்டேன். அண்ணன்தான், இருந்துட்டுப் போகட்டும்னான்.”

அவன் காது சிவந்தது. “கடையைச் சாத்துனதும் தினம் இதைத்தான் போடுவேன். பாட்டுக்காக இல்லைங்க... இந்தச் சிரிப்புக்காக. என்கிட்ட வர்றவங்க எல்லாம் பிளேயர்ல பெல்ட் போச்சு, ஊசி போச்சும்பாங்க. இது ஒண்ணுதான் எனக்குன்னு...”

அவளுக்குள் ஏதோ துள்ளியது. உடனே அடங்கியும் போனது.

“அந்தப் பொண்ணு இப்ப இல்லைங்க. அண்ணன் போனதுலேருந்து நான் அப்படிச் சிரிச்சதே இல்ல. உங்களுக்குப் புடிச்சது அவளை.”

ரெக்கார்டை எடுத்து உறைக்குள் போட்டு நீட்டினான்.

“எடுத்துட்டுப் போங்க.”

“அப்போ உங்களுக்கு?”

“சிரிப்பு போனாப் போகுது. சிரிக்காத நீங்க... அப்பப்ப வந்து என்னைத் திட்டிட்டுப் போனாப் போதும். உங்களை எனக்குப் புடிச்சிருக்கு. உங்களைத்தான்.”

உறையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். நின்றாள்.

“வீட்ல பிளேயர் இல்ல... ரெக்கார்டுகளோட அதையும் அப்பா தூக்கிப் போட்டுட்டார்.”

“அதுக்கென்ன, ஒண்ணைச் சரிபண்ணித் தர்றேன்!”

மக்கு...! சுத்த மக்கு!

“ஒண்ணும் வேணாம்.” திரும்பி வந்து, ரெக்கார்டை அவளே பிளேயர் மேல் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. “இங்கேயே இருக்கட்டும். நான் வந்து கேட்டுக்கறேன்... தினமும்.”

அவன் அவசரமாக ஒரு நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

“குடையை வெளியவே உதறிட்டு வர்றேன்... சரியா?”