கடைக்குள்ளே பந்தி

கடைக்குள் கால் வைத்த வங்காளிப் பெண் சட்டென்று செருப்பைக் கழற்றினாள். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தவள் முகம் கூச்சத்தில் சுருங்கியது.

"மாஃப் கர்னா தீதி, ஆப் லோக் கானா கா ரஹே ஹோ" என்றாள். எல்லாரும் சாப்பிடுகிற நேரத்தில் வந்துவிட்டாளாம். பின்வாங்கி மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

வசந்தகுமாரி துடைக்கும் துணியோடு அப்படியே நின்றாள். யார் சாப்பிடுகிறார்கள்? கடையில் இருந்தது அவளும் அவள் புருஷன் சுரேந்திரனும்தான். அவன் தரையில் உட்கார்ந்து ஓர் எனாமல் தட்டைத் துரு போகத் தேய்த்துக்கொண்டிருந்தான். மற்றத் தட்டுகள் அவனைச் சுற்றி வரிசையாகக் கிடந்தன.

ஹேவ்லாக் தீவின் ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது அந்தச் சின்னக் கடை. பழைய கப்பல் விளக்கு, படாக் மரப் பெட்டி, பித்தளைக் கூஜா என்று தீவு தீவாகப் போய்ச் சுரேந்திரன் பொறுக்கி வருவான். எதை எங்கே வைத்தால் டூரிஸ்டு நின்று பார்ப்பான் என்பது வசந்தாவுக்கு அத்துப்படி. இந்த முறை அவன் கட்சால் தீவுக்குப் போய்வந்திருந்தான். அங்கே ரப்பர் தோட்டத்து வீட்டில் முதல் மனைவி ஷீலாவையும், பேச்சு வராத வயசு மகளையும் சுனாமிக்குக் கொடுத்தவன் அவன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகாதவன். தட்டுகளை மணலைத் தோண்டி எடுத்ததாகச் சொன்னான். யார் வீட்டுத் தட்டு என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை.

அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாம் வாசலோடு திரும்பினார்கள். அவள் அலமாரியில் அடுக்கிய தட்டுகளை அவன் இறக்கித் தரையில் பரப்பினான். மத்தியானச் சோற்றையும் அங்கேயே உட்கார்ந்து தின்றான். வெயில் அடித்த நாளிலும் ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் சிமெண்டுத் தரை ஆள் உட்கார்ந்த அகலத்துக்கு ஈரமாக இருந்தது. துடைத்தால் துணியில் சேறும் உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை ஏறி, சோப்புப் போட்டு அலசியும் அவள் விரல்களை விட்டுப் போகாமல், ராத்திரித் தலையணை வரைக்கும் கூடவே வந்தது.

ஒருநாள் மதியம் சாமான்களுக்குப் பின்னாலிருந்து மெல்லும் சத்தம் கேட்டது. நிறைய வாய்கள். சுரேந்திரனின் வாயோ அசையவில்லை.

"என்னங்க, இதையெல்லாம் கடல்ல போட்டுடலாம்."

"பசியோட உக்காந்திருக்காங்க வசந்தா. பாதிச் சோத்துல எப்படி எழுப்புறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத சிரிப்பு. பயத்தைவிட அதுதான் அவளை அறுத்தது.

"கடை வேணாம். சிப்பிகாட்டுல அம்மா வீட்டுக்குப் போயிடலாம். நாளைக்கே கப்பல் ஏறிடலாம். எனக்காக வாங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சரி" என்றான்.

மறுநாள் காலை பையெல்லாம் கட்டியாயிற்று. டிக்கெட் எடுக்க அவள் கிளம்பியபோது அவன் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போனான்.

"நீ முன்னால போ. பாப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டிட்டு வந்துடறேன்."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் டிக்கெட் கிடைக்காமல் போனால் இன்னொரு நாள் இங்கே இருக்கவேண்டுமே என்ற பயத்தில் ஜெட்டிக்கு ஓடினாள். கவுண்டர் வரிசை நகரவே இல்லை. டிக்கெட் கைக்கு வந்ததும் ஓட்டமாகத் திரும்பினாள். அன்று மழையே இல்லை. ரோடு காய்ந்து கிடந்தது. கடைக் கதவு சாத்தியிருந்தது.

தள்ளினாள்.

பாசி வாடை. இருட்டு.

"என்னங்க..."

கதவை அகலத் திறந்தாள்.

அவன் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை காய்ந்திருந்தது. தலைமுடியும் காய்ந்திருந்தது. மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. திறந்த வாய் நிறைய மணல். கன்னத்தைத் தட்டினாள். சில்லிட்டுப் போயிருந்தது. நெஞ்சில் காது வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

வலது கை மட்டும் நீண்டிருந்தது. தாழ்வாக. தரையில் உட்கார்ந்த குழந்தையின் வாய் உயரத்தில். விரல்களில் ஒரு சோற்று உருண்டை.

உருண்டையில் பல் தடம். அரிசி அரிசியாய், சின்னச் சின்னப் பற்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உருண்டை இன்னொரு கடி குறைந்தது.