எத்தாளைக் கிணற்றுத் தண்ணீர்

உச்சி வெயிலில், எத்தாளையில் முத்தலிபின் வளவுக்குள் மூன்றாவது தடவையாக நுழைந்தாள் றுமைஸா. அவள் புத்தளத்தில் தண்ணீர் பரிசோதிப்பவள். தோள்பையில் வெறும் போத்தல்கள்.

முத்தலிபுக்கு நாற்பது வயது. யுத்தம் முடிந்த பிறகு காணி வாங்கி, வெங்காயம் போட்டு, இந்தக் கிணற்றை வெட்டியவன். இப்போது கை நடுங்குகிறது. முகம் மரத்துவிட்டது. குதிகால் நிலத்தில் படாமல் நடக்கிறான். காரணமில்லாமல் சிரிக்கிறான். கிணற்றடியில் நனைந்த சீலையோடு ஒரு பெண் நிற்கிறாள் என்கிறான்.

ஜின் என்றது ஊர். றுமைஸாவுக்கு எரிச்சல்தான் வந்தது. தண்ணீரில் மங்கனீசு உலோகம் இருக்கவேண்டியதைவிட இருபது மடங்கு. உடம்புக்குத் துளியளவு போதும். மிஞ்சியது மூளையில் படிந்து நரம்பைக் கெடுக்கும், இல்லாததையும் காட்டும். கிணற்றை மூடி வேறு தண்ணீர் கொடுக்கச் சொல்லி அதிகாரிக்கு இரண்டு கடிதம் கொடுத்துவிட்டாள். இரண்டு தடவையும், மறுபடி மாதிரி எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

முத்தலிபின் மனைவி உம்மு குல்தூம் அழுது களைத்திருந்தாள். வேறு தண்ணீருக்கு வழியில்லை, பிள்ளைகளும் இதைத்தான் குடிக்கிறார்கள் என்றாள்.

"ஜின் இல்ல, ராத்தா. தண்ணிதான்," என்றாள் றுமைஸா.

கிணற்றடியில் காற்றே இல்லை. ஈர இரும்பின் வாடை. வாளியின் உட்புறம் கறுத்திருந்தது. போத்தல்களை நிரப்பிக்கொண்டு திரும்பினாள். ஒடுங்கிய வழியில் ஒரு பெண் எதிரே வந்தாள். பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும் என்று ஒதுங்கி வழிவிட்டாள். கடந்து போனவளின் ஈரச் சீலை கையில் உரசியது.

குளிர்.

குசினி வாசலில் நின்று முத்தலிபு பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை.

"மிஸ்," மெல்லக் கேட்டான், "நீங்களும் இந்தத் தண்ணி குடிச்சீங்களா?"

ஒரு சொட்டுக்கூட அவள் குடித்ததில்லை.

திரும்பிப் பார்த்தாள்.

கிணற்றடியில் யாரும் இல்லை.

புத்தளம் திரும்பும் பஸ்ஸில், பாலாவி தாண்டும்வரை, ஈரம் பட்ட கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆனாலும் பயத்தைவிடக் கோபம்தான் மேலே நின்றது. தான் கண்டது எதுவாயிருந்தாலும், அந்தப் பிள்ளைகள் குடிப்பது நஞ்சு. மடியில் வைத்தே மூன்றாவது கடிதத்தை எழுதினாள். நேரே அதிகாரியின் அறைக்குப் போய் மேசையில் வைத்தாள்.

அவர் அலுப்போடு நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"இரிங்க மிஸ்," என்றார். "உங்களோட வந்தவவுக்கும் ஒரு கதிரை எடுத்துக் குடுங்க. பாவம், நல்லா நனைஞ்சி நிக்கிறா."