அம்மாவுக்குக் குளிரும்

திறந்து வைத்துவிட்டு வந்த வாஷிங் மெஷினின் கதவு மறுபடியும் மூடியிருந்தது.

இது மூன்றாவது தடவை. மூத்தவள் அப்பாவின் வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது; அம்மா போய் நான்கு மாதம். தம்பியின் வீட்டில் அப்பாவுக்கென்று ஓர் அறை தயாராக இருந்தது. அவரைக் கிளப்பி அனுப்பத்தான் மருந்துக்கடை வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. "அவளத் தனியா விட்டுட்டு எப்படிம்மா வர்றது? யாராவது கூட இருக்கணுமே" என்பார். துக்கத்தில் பேசுகிறார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வந்த அன்றே முகம் துடைத்த துண்டில் அந்த வாடை இருந்தது. ஈரத்தோடு சுருட்டி வைத்து மறந்துபோன துணியின் வாடை, அதற்கடியில் தித்திப்பாக இன்னொன்று. தலையணை உறையிலும் அப்பாவின் சட்டைக் காலரிலும் அதுவே இருந்தது, இரண்டாம் நாள் அவள் தலைமுடியிலேயே வீசத் தொடங்கியது. வாடையைப் பிடித்துக்கொண்டே போனால் வீட்டின் கடைசியில், ஜன்னல் இல்லாத சின்ன அறையில் முன்பக்கம் வட்டக் கதவு வைத்த அந்த மெஷின். உள்ளே அம்மாவின் நீல நைட்டி மட்டும் கிடந்தது. அப்பா தினமும் அதை ஒருமுறை ஓடவிட்டு, உலர்த்தாமல் அப்படியே வைத்திருந்தார்.

"அப்பா, கதவ மூடாதீங்க. உள்ள காத்துப் போகணும். மூடி மூடி வெச்சுத்தான் இவ்வளவு பூசணம்."

அவர் தட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "நான் மூடலையே."

பிறகு, உப்பு கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "திறந்து வெச்சா அம்மாவுக்குக் குளிரும்மா."

அன்று மதியம் அவருக்குத் திடீரென்று மனம் மாறியது. தம்பி அனுப்பும் வண்டியில் இன்றைக்கே கிளம்புகிறேன் என்றார். கல்லில் நார் உரித்த நிம்மதியோடு, தானும் மாலை பஸ்ஸில் ஊருக்குத் திரும்புவதாகத் தம்பியிடம் போனில் சொல்லிவிட்டு, போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டாள். அப்பா பெட்டி கட்டி முடிப்பதற்குள் மெஷினைச் சுத்தம் செய்துவிடலாம் என்று பட்டது. யாராவது வாடகைக்கு வந்தால் இந்த வாடையில் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

சோப்புத் தட்டை உருவி வெந்நீரில் ஊறப் போட்டாள். நைட்டியை எடுத்து வாளியில் போட்டாள். கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விரித்தபோது, கருப்பாக, கூழாக, ஒரு சுற்று முழுக்கப் பூசணம் அப்பியிருந்தது. வினிகரில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். கருப்பு வழிந்து வந்தது. அதற்கடியில் வெள்ளையாக, மெல்லிய இழைகள். பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள், இன்னும் வந்தது, முழ நீளத்துக்கு, நரைத்த முடியைப் போல. பூசணம் இவ்வளவு நீளமாக வளர்ந்து அவள் பார்த்ததில்லை. வெதுவெதுப்பாக வேறு இருந்தது. மெஷின் காலையிலிருந்து ஓடவே இல்லை.

இழைகளைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, வினிகர் ஊற்றி, துணி எதுவும் இல்லாமல், உள்ளதிலேயே அதிகச் சூட்டில் மெஷினை ஓடவிட்டாள். தண்ணீர் இரைந்தது. டிரம் புரண்டது. அந்த இரைச்சலுக்கு நடுவில் யாரோ இருமினார்கள்.

"அப்பா?"

முன்னறையில் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. அவர் அங்கேதான் இருந்தார்.

மெஷின் நின்றதும் கதவைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. டிரம்மையும் வளையத்தையும் உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து, கதவை அகலத் திறந்து விட்டாள். கடைசியாகக் கீழே இருந்த வடிகட்டி. தரையில் மண்டியிட்டு, பேசினை வைத்து, மூடியைத் திருகினாள். கருநீர் கொட்டியது.

தலைக்கு மேலே கீல் முனகியது.

நிமிர்ந்தாள். கதவு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக. காற்றில்லாத அறை. கடைசி ஒரு விரல் அகலத்தில் அது உள்பக்கமாக இழுபட்டது.

கிளிக்.

அவள் எழுந்து அறை வாசலுக்குத் திரும்பினாள். அங்கே அப்பா நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. வாரிய தலை. மாதக்கணக்கில் காணாத தெளிவு முகத்தில்.

"வண்டி வந்துடுச்சும்மா. நான் போயிட்டு வரேன்" என்றபடி அவர் அறைக் கதவைச் சாத்தினார். வெளித் தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே இருந்த விளக்கின் சுவிட்சையும் அணைத்தார்.

"அப்பா, நான் உள்ள இருக்கேன்."

"தெரியும்மா. நீ இருக்கேன்னுதானே தைரியமாக் கிளம்பறேன்."

"கதவத் தெறங்கப்பா. விளையாடாதீங்க."

"நாலு மாசமா நான்தானே பாத்துக்கிட்டேன். இனிமே நீ பாத்துக்கோ. பொம்பளப் புள்ள பக்கத்துல இருந்தா அவளுக்கும் ஆறுதலா இருக்கும்."

அவர் குரலில் கோபமில்லை. பாசம்தான் இருந்தது. அவள் இரண்டு கைகளாலும் கதவை அறைந்தாள். காலால் உதைத்தாள். தூரத்தில் வாசலில் டிரைவரின் குரல்.

"உள்ள என்னமோ சத்தம் கேக்குதே ஐயா?"

"மெஷின் ஓடுதுப்பா. தானா நின்னுடும்."

"வேற யாரும் வரலையா?"

"பொண்ணு அப்பவே பஸ்ஸுக்குப் போயிட்டா."

அவள் கத்தினாள். வாசல் கதவு பூட்டப்பட்டது. வண்டி கிளம்பியது. திரும்பும் முனையில் ஒரு ஹாரன். அப்புறம் ஒன்றுமில்லை.

தம்பி தேட மாட்டான். அவனைப் பொறுத்தவரை அவள் பஸ்ஸில் இருக்கிறாள். ஊரில் அவள் வீட்டிலோ, தம்பி வீட்டில் ஒருநாள் தங்கிவிட்டாள் என்று நினைப்பார்கள். போன் சமையலறையில்.

இருட்டில் மெஷினின் பச்சை விளக்கு மட்டும். அந்த வெளிச்சத்தில் வட்டக் கண்ணாடி. சுவரைத் தடவிப் போய் பிளக்கைப் பிடுங்கினாள். கம்பி கையோடு வந்தது.

விளக்கு அணையவில்லை.

முதுகைக் கதவில் ஒட்டி உட்கார்ந்தாள். அறை முழுக்க மூச்சு. இரைப்போடு. ஈரத்தோடு. தன்னுடையதுதான் என்று சொல்லிக்கொண்டாள். பயத்தில் இப்படித்தான் இரைக்கும்.

வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். மூச்சை அடக்கினாள்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

பச்சை வெளிச்சத்தில், கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்தது. மெல்ல விலகியது. மறுபடி படிந்தது.