இன்னும் கொஞ்சம் பயம் வேணும்

அந்தப் பழைய வீட்டை அண்ணன் வாடகைக்குப் பிடித்ததே உள்ளறையில் இருந்த ஒலிப்பதிவு பூத்துக்காகத்தான். முன்பு குடியிருந்த யாரோ கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நாலு பக்கமும் தடித்த பஞ்சு, ஜன்னல் கிடையாது, கதவு ஒரு சாண் கனம். அண்ணனின் மேஜை முன்னறையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே சுவரைத் துளைத்து ஓடிய ஒயர்கள் மட்டும்தான்.

தங்கை பட்டப்பகலில் வந்து சேர்ந்தாள். பூத்துக்குள் தலையை நீட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். வெகுநாள் திறக்காத வாயின் வாடை அடித்தது.

"இதுக்குள்ள ஒரு ஆள் நிக்க முடியுமாண்ணா? பீரோ மாதிரி இருக்கு."

"நீ அரை ஆள்தானே, வாலு. தாராளமா நிக்கலாம்."

வேலை ஒரு திகில் தொடருக்கு. பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட இயந்திரம் ஒன்று உதவிக்குக் கூப்பிட வேண்டும். அதற்குத்தான் வோகோடர். அண்ணன் அரை மணி நேரம் விளக்கியதில் அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஆஸிலேட்டர் ஒரே சுருதியில் ரீங்காரம் போடும். அதற்குச் சத்தம் உண்டு, சொல் கிடையாது. இவள் பேசினால் வோகோடர் இவள் சொற்களை எடுத்து அந்த ரீங்காரத்துக்கு மாட்டிவிடும். இவள் வாயை மூடினால் அதுவும் மூடிக்கொள்ளும். கூடவே பிட்ச் கரெக்‌ஷன் என்று ஒரு திருகு. குரல் எங்கே பிசகினாலும் காதைப் பிடித்துச் சுருதிக்குள் இழுத்து வந்துவிடும். அண்ணன் அதைக் கடைசிவரை திருகி வைத்திருந்தான்.

"போனைக் குடுத்துட்டுப் போ. மைக்ல கிர்ருங்கும்."

கதவு மூடியது. தன் ரத்தம் ஓடுகிற சத்தமே காதில் கேட்கும் அளவுக்கு அமைதி. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வசனத்தைச் சொன்னாள்.

"யாராவது இருக்கீங்களா? கதவைத் திறங்க."

தகரக் குரலாக அது காதுக்குத் திரும்பி வந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது.

"நல்லா இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் பயம் வேணும்," என்றான் அண்ணன் ஹெட்ஃபோனில்.

அவள் எச்சில் விழுங்க நிறுத்தினாள்.

"இருக்கேன்," என்றது தகரக் குரல்.

"அண்ணா, விளையாடாத."

"நான் என்ன பண்ணேன்? வசனத்தைச் சொல்லு."

அவள் இரண்டு விரலால் உதடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கேன். உள்ளதான் இருக்கேன்."

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். ரீங்காரம் நிற்கவில்லை.

அது முதுகுப் பக்கம் இருந்தது.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கதவுக் கைப்பிடியைத் திருகினாள். எங்கும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கதவை இரண்டு கையாலும் குத்தினாள். குத்து அத்தனையையும் பஞ்சு விழுங்கியது. அண்ணனை எட்டுவதற்கு மைக்கை விட்டால் வேறு வழியில்லை. ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டு அலறினாள்.

"அண்ணா, கதவைத் திற! இங்க யாரோ இருக்காங்க!"

அலறல் அவள் காதுக்கு நிதானமாகத் திரும்பி வந்தது. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு பிசிறு இல்லை. அவள் பயம் முழுவதையும் அந்தத் திருகு வழித்து எறிந்திருந்தது.

"வரியை மாத்திட்டியா? பரவால்ல. ஆனா பயமே இல்லையே, வாலு. பஸ்ல இடம் கேக்கிற மாதிரி இருக்கு."

அவளுக்கு அழுகை வெடித்தது. போனில் ஒரு ஹலோ சொன்னாலே இவளுக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடிக்கிற அண்ணன் அவன். அந்த அழுகையும் சுருதி சுத்தமாகத்தான் அவனிடம் போய்ச் சேர்ந்தது.

"கரெக்‌ஷனை எடுத்துட்டு என் நிஜக் குரலைக் கேளுண்ணா. உன் கால்ல விழறேன்."

அண்ணனின் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு வந்த குரலில் சிரிப்பு போயிருந்தது.

"நிஜமாவா சொல்ற? இரு... கரெக்‌ஷன எடுத்தாச்சு. ஆஸிலேட்டரையும் நிறுத்திட்டேன். இப்பப் பேசு."

அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். பின்னாலிருந்து ஏதோ ஒன்று, சில்லென்று, அவள் தொண்டைமேல் வந்து படிந்தது.

"பயந்துட்டியாண்ணா? சும்மா நடிச்சேன்."

அவளுடைய குரலேதான். அழுததில் வந்த கரகரப்புகூட அப்படியே இருந்தது. ஆனால் அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குரல் அண்ணனின் மைக் வழியாக, அவன் பக்கத்திலிருந்து வந்தது.

"அடிப்பாவி! எப்ப வெளிய வந்த? உயிரே போயிடுச்சு எனக்கு."

அது நான் இல்லை என்று அவள் கத்தினாள்.

சொல் எதுவும் வரவில்லை.

தொண்டையிலிருந்து ரீங்காரம் வந்தது. இன்னும் பலமாகக் கத்தினாள். அதே சுருதி.

"எல்லாத்தையும் நிறுத்தியும் ஏதோ ரீங்காரம் கேக்குதே?" என்றான் அண்ணன்.

"பழைய வீடுல்ல, கரண்ட் சத்தமா இருக்கும். மெயினை அணைச்சுட்டு வா, பசிக்குது." சொல்லிவிட்டு அது ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தது.

"அட, கரெக்‌ஷன் இல்லாமலே சுருதி சேருதே! நீ எப்பவும் கொஞ்சம் இறங்கித்தானே பாடுவ?"

"பழகிடுச்சுண்ணா."

விளக்கு அணைந்தது. ஹெட்ஃபோனும் செத்தது. இருட்டில் கதவோடு ஒட்டிக்கொண்டு அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். கூப்பிட்டதெல்லாம் ஒரே சுருதியில் பஞ்சுக்குள் போனது. கடைசியில் மூச்சு முட்டி நிறுத்தினாள்.

முதுகுக்குப் பின்னால், அவளைப் போலவே யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் நிற்கவில்லை.