பூட்டிய அறையிலிருந்து வந்த பதில்

கல்லூரி வாசலில் காவலாளி என் பையைத் திறந்து பார்த்தார். ஸ்க்ரூடிரைவர், கேபிள் வெட்டி, மடிக்கணினி. "டிவி ரிப்பேருக்கா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். நான் யாருடைய தங்கை என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

அந்த வளாகத்தில் எல்லா வகுப்பறைகளிலும் ஒரு திரை உண்டு. பாடம், அறிவிப்பு, இயக்குநரின் உரை எல்லாமே கணினி வலையமைப்பு வழியாக அதில் ஓடும். அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் என் அண்ணன். போன வருடம் அடித்தளக் கட்டுப்பாட்டு அறையில் பேட்டரி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறிச் செத்துப்போனான். சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கிவிட்டான், கதவு திறந்துதான் கிடந்தது என்று நிர்வாகம் கைகழுவியது. அடுப்புப் புகைக்கே தும்முகிறவன் அவன். "என் பிள்ளை சிகரெட் பிடிப்பானாடி?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள்.

அங்கே நிர்வாக அதிகாரிக்கு மாணவர்கள் வைத்த பெயர் பூட்டு. எங்கே போனாலும் கையில் சாவிக்கொத்து குலுங்கும். ஒருமுறை இயக்குநர் பேசும்போது அண்ணன் தண்ணீர் குடிக்க வெளியே போக, அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து நேரலை என்றால் அவனை உள்ளே வைத்து வெளியே பூட்டுவார்கள். "உபகரணத்தோட உபகரணமா என்னையும் சேர்த்துப் பூட்டுறாங்க" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பான். அப்படி வெளியே பூட்டியதைப் பற்றி விசாரணையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை அங்கிருக்கும் யாராவது ஒருவர் சொல்லி என் காதால் கேட்க வேண்டும் என்றுதான் இந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடித்தளத்தில் இறங்கியதும் கருகிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. நடைபாதை முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாடை போகவில்லை. தாழ்வாரக் கோடியில் அந்த அறை, கதவில் பெரிய பூட்டு. எதிர்ச் சுவரில் ஒரு திரை. பக்கத்தில் எல்லா அறைகளின் கம்பிகளும் வந்து சேரும் பெட்டி, நெட்வொர்க் ஸ்விட்ச். அதில் மடிக்கணினியைச் செருகி உட்கார்ந்தேன்.

இந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. கேட்காதவர்களுக்குப் படம் போகாது. ஸ்விட்ச் அவ்வப்போது எல்லாக் கம்பிகளிலும் ஒரு கேள்வி அனுப்பும்: யாராவது பார்க்கிறீர்களா? மறுமுனையில் ஓடும் திரை, பார்க்கிறேன் என்று பதில் சொல்லும். பதில் வராத கம்பிக்குப் படம் நின்றுபோகும்.

பூட்டிய அறையின் கம்பியிலிருந்து பதில் வந்தது.

உள்ளே எல்லாம் எரிந்து சாம்பலாகி ஒரு வருடம் ஆகிறது. கம்பியைப் பிடுங்கினேன். கேள்வி போனது.

பதில் வந்தது.

பிடுங்கிய முனை என் கையில் இருந்தது.

அதிகாரியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். காவலாளியோடு வந்தார். "எவனோ திருட்டு லைன் இழுத்திருக்கான்" என்று எரிந்து விழுந்தார். பூட்டைத் திறந்து தாழ்ப்பாளிலேயே தொங்கவிட்டு, சாவிக்கொத்தோடு உள்ளே போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.

பூட்டு தானே பூட்டிக்கொண்டது.

காவலாளியும் நானும் கதவிலிருந்து தள்ளித்தான் நின்றிருந்தோம். காவலாளி சுவரோடு ஒட்டிக்கொண்டார். எதிர்ச் சுவர்த் திரை உயிர் பெற்றது. கருகிய அறை, அதன் நடுவே அதிகாரி. அந்த அறையில் கேமரா கிடையாது.

"யாரு பூட்டினது? திற" என்று கதவைத் தட்டினார்.

திரையில் அவருக்குப் பின்னால் இருந்த மூலையிலிருந்து புகை கிளம்பியது. கதவின் இடுக்கிலும் கசிந்தது. பேட்டரி எரியும் வாடை.

மேலே மாடிகளில் நாற்காலிகள் நகரும் சத்தம். எல்லா வகுப்பறைத் திரைகளிலும் இதே படம் ஓடியது; அவர் தட்டும் ஓசை ஒவ்வொரு வகுப்பறையிலிருந்தும் இறங்கி வந்தது.

"இந்தம்மா, திறம்மா. மூச்சு முட்டுது."

நான் கதவருகே போனேன்.

"சாவி உங்ககிட்டதான் சார் இருக்கு" என்றேன். "எங்க அண்ணன்கிட்ட அதுகூட இல்ல."

உள்ளே தட்டுவது நின்றது.

"நீ... அவன் தங்கச்சியா?"

"அன்னைக்கு அவன் தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

இருமல்தான் வந்தது. மறுபடி கேட்டேன்.

"கேட்டுச்சு" என்றார். "டைரக்டர் பேசிட்டிருந்தார். முடியட்டும்னு நெனச்சேன். நான்தான் பூட்டினேன். நான்தான் திறக்கல. சிகரெட்னு எழுதச் சொன்னதும் நான்தான். திறந்துவிடும்மா."

காவலாளி தீயணைப்பு உருளையை எடுத்து இரண்டே அடியில் பூட்டை உடைத்தார். அதிகாரி தவழ்ந்து வெளியே வந்தார். அவர் பின்னால் புகையே இல்லை. படிக்கட்டு நிறைய மாணவர்கள்.

காவலாளிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அன்னைக்கே இதை உடைச்சிருக்கணும்மா. சாவி இல்லாம பூட்டைத் தொடக்கூடாதுன்னு இவர் சொல்லிட்டார்" என்றவர், கதவைக் கீலோடு பெயர்த்துத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்தார். இனி அந்த அறையை யாராலும் பூட்ட முடியாது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அவன் சிகரெட் பிடிக்கலம்மா. பூட்டினவரே ஒத்துக்கிட்டது ஊர் முழுக்கக் கேட்டுச்சு." அவள் வெகு நேரம் அழுதாள். நானும் அழுதேன். பிறகு ஸ்விட்சை அணைத்து, திரையின் மின்கம்பியையும் பிடுங்கிப் பையில் போட்டேன்.

திரை அணையவில்லை.

அதில் அதே அறை தெரிந்தது. அறைக்குள்ளிருந்து பார்க்கும் கோணம். கதவு இருந்தது. மூடியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பெயர்த்த கதவு என் அருகில் சுவரில் சாய்ந்திருந்தது. அறை வாசல் வெறுமையாகத் திறந்து கிடந்தது.

"அண்ணா, கதவு திறந்துதான்டா இருக்கு. வா" என்றேன்.

சுவரில் சாய்ந்திருந்த கதவை உள்பக்கமிருந்து யாரோ தட்டினார்கள்.