நாற்பது நாள் துணை

காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையின் சிகிச்சை ஒப்பீட்டுப் பிரிவில் வந்து உட்கார்ந்தால், மதியத்துக்குள் முப்பது இடுப்புகளுக்காவது எந்தச் சிகிச்சை என்று எஸ்தர் பொன்மலர் தீர்ப்பு எழுதிவிடுவாள். 2071-இல், சிதைந்த மூட்டுக் குருத்தெலும்புக்கு இரண்டே வழிதான். நோயாளியின் செல்லையே எடுத்து மூட்டுக்குள் பயிரிடுவது வளர்முறை; நாற்பது நாள் காலை ஊன்றாமல் கிடந்தால் ஆயுளுக்கும் நிற்கும், மலைகூட ஏறலாம். செயற்கை உறையை அச்சடித்து ஒட்டுவது அச்சுமுறை. மறுநாளே நடக்கலாம், ஆனால் மலையையும் ஓட்டத்தையும் மறந்துவிட வேண்டும்.

இன்றைய முப்பத்தோராவது கோப்பு அவளுடைய சொந்த இடுப்புக்கானது. வருடந்தோறும் பொதிகை மலை ஏறுகிறவள். அதைவிட்டால் அவளுக்கு வேறு ஆசையும் கிடையாது. வளர்முறையைத் தொட்டாள். திரை கேட்டது: நாற்பது நாள் வீட்டில் உடனிருப்பவர் பெயர்?

அந்தக் கேள்வியைச் சேர்த்ததே அவள்தான். தனியாக வாழ்கிறவர்களில் பாதிப் பேருக்கு, வளரும் குருத்து பாதியில் கிழிந்துவிடுகிறது என்று கண்டு துணை கட்டாயம் என எட்டு வருடத்துக்கு முன் விதி எழுதினாள். தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

“யக்கா, எம்பேரைப் போட்டுக்கோங்க,” என்றான் பக்கத்து மேசை சுடலைமணி.

“நாப்பது நாளும் வந்து இருப்பியாலே?”

“அதெப்படிக்கா முடியும்? சும்மா பேருக்குத்தான்.”

அவன் பெயரைத் திரையில் போட்டாள். ஒப்பமிடத்தான் கை வரவில்லை. தனியாக வாழ்ந்தவர்களுக்கு ஏன் கிழிந்தது? சோறாக்க, குளிப்பாட்ட, கழிப்பறைக்குத் தூக்கிப்போக எல்லாவற்றுக்கும் வீட்டில் துணைப்பொறி நின்றதே! எத்தனை பேருக்குக் கிழிந்தது என்று கணக்கெடுத்தாளே தவிர, ஏன் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. குருத்து கிழிந்தவர்களின் பழைய பட்டியலில் முதலில் இருந்த களக்காட்டு இசக்கியம்மாளைப் போனில் அழைத்தாள்.

“இருவத்தெட்டாம் நாளும்மா. வாசல்ல பேச்சுச் சத்தம் கேட்டுது. நம்மளப் பாக்கத்தான் ஆரோ வந்திருக்காவன்னு எந்திச்சு ஓடிட்டேன். பாத்தா, பக்கத்து வீட்டுக்கு வந்த ஆளுவ.”

“பொறியே கதவைத் தொறந்திருக்குமேம்மா?”

“தொறக்கும். வீடு தேடி வந்தவங்கள மிஷினா ‘வாங்க’ன்னு கூப்பிடும்?”

எஸ்தர் போனை வைத்தாள். அவள் வாசலுக்கு ஆள் வந்து எத்தனை காலமாயிற்று! யார் குரல் கேட்டாலும் அவளும் எழுந்து ஓடுவாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சுடலைமணியின் பெயரை அழித்துவிட்டு அச்சுமுறையைத் தொட்டாள்.